சென்டரை விற்கலாம், அணியையே விற்க வேண்டாம்

கேள்வி: நான் ஆதரிக்கும் என்எச்எல் (வட அமெரிக்க ஐஸ் ஹாக்கி லீக்) அணி மூன்று ஆண்டுகளாக நூலிழையில் பிளேஆஃப் (கோப்பைக்கான இறுதிக்கட்டச் சுற்றுகள்) வாய்ப்பைத் தவறவிடுகிறது. முதல் வரிசை சென்டருக்கு (நடு முன்கள வீரர்) வயது 29, ஒப்பந்தத்தில் இன்னும் இரண்டு ஆண்டுகள் பாக்கி. 19, 20 வயதில் திறமையான சிலர் வந்திருக்கிறார்கள். மூத்தவர்களை எல்லாம் விற்றுவிட்டு இவர்களை வைத்தே அணியைக் கட்டினால் என்ன?

பதில்: தாராளமாகக் கட்டலாம். ‘மூத்தவர்களை எல்லாம் விற்றுவிட்டு’ என்பதை மட்டும் நான் ஏற்க மாட்டேன்.

உங்கள் அணி இருப்பது இரண்டுங்கெட்டான் நிலை. கோப்பையும் எட்டாது, டிராஃப்டில் (அணிகள் முறைவைத்து இளம் வீரர்களைத் தேர்ந்தெடுக்கும் நிகழ்வு, பின்தங்கிய அணிகளுக்கே முன்னுரிமை) முதல் சில இடங்களும் கிடைக்காது. அதோடு ஓர் அணி தன் வீரர்களுக்குத் தரக்கூடிய மொத்த ஊதியத்துக்கு உச்சவரம்பு வேறு. 2025-26 பருவத்தில் அது 9.55 கோடி டாலர். 18 வயதில் ஒப்பமிடும் வீரரின் முதல் ஒப்பந்தம் மூன்று ஆண்டுகள், அதன் ஊதியத்துக்கும் வரம்பு உண்டு. அந்த ஆண்டுகளில் அவர் நட்சத்திரமாகிவிட்டால் மிச்சமாகும் பணத்தில் நல்ல தடுப்பாட்டக்காரர் ஒருவரை வாங்கிவிடலாம். இளைஞர்களை நம்புவதற்கு வலுவான காரணம் இதுதான்.

இதைச் சரியாகச் செய்த அணி கொலராடோ. 2016-17ல் 82 ஆட்டங்களில் வெறும் 48 புள்ளிகள், கடைசி இடம். தேர்வு வரிசையை முடிவுசெய்யும் லாட்டரியும் கைவிட்டதால் டிராஃப்டில் நான்காவது இடத்துக்குத் தள்ளப்பட்டது. அந்த நான்காவது தேர்வில் வந்தவர்தான் தடுப்பாட்டக்காரர் கேல் மகார். அதே ஆண்டு சென்டர் மாட் டுஷேனை விற்கும் பேச்சு மாதக்கணக்கில் இழுத்தது. பொது மேலாளர் ஜோ சாக்கிக் அவசரப்படவில்லை. டுஷேனின் ஒப்பந்தம் 2019 வரை இருந்ததால் பேரம் பேசும் பலம் சாக்கிக் கையில் இருந்தது. 2017 நவம்பரில் மூன்று அணிகள் சேர்ந்த பரிமாற்றத்தில் தடுப்பாட்டக்காரர் சாமுவேல் ஜிரார்டும், டிராஃப்டில் ஒட்டாவாவின் முதல் சுற்றுத் தேர்வு உரிமையும் கிடைத்தன. அந்தத் தேர்வில் 2019ல் போவன் பைரம் வந்தார். 2022ல் என்எச்எல்லின் ஸ்டான்லி கோப்பையை வென்றார்கள். கேப்டன் லாண்டெஸ்காக், சென்டர் மெக்கினன் இருவரையும் கடைசிவரை விட்டுக்கொடுக்கவில்லை.

எதிர்ப்பக்கம் பஃபலோ. 2015ல் ஐக்கல், 2018ல் டாலின், 2021ல் பவர் என்று டிராஃப்டின் உச்சியிலேயே எடுத்தார்கள். ஆனாலும் 2011-12 முதல் 2024-25 வரை தொடர்ந்து 14 பருவங்கள் பிளேஆஃப் இல்லை. ஐக்கல் 2023ல் கோப்பையை உயர்த்தியது வேகஸ் அணிக்காக. கடினமான நிமிடங்களைத் தாங்க மூத்தவர்கள் போதாத இடத்தில் 19 வயதுக்காரர் தோற்கப் பழகிவிடுகிறார் என்பது என் உறுதியான கருத்து. முதல் இடங்கள் இல்லாமலும் வழி உண்டு: டாம்பா 2011ல் குச்செரோவை 58வதாகவும், 2014ல் பாயிண்ட்டை 79வதாகவும் எடுத்தது. தேடிப் பிடிக்கும் கண்ணும் பொறுமையாக வளர்க்கும் பயிற்சியாளர்களும் இருந்தால் போதும்.

ஆகவே சென்டரை இந்தப் பருவத்திலேயே விற்கட்டும். ஒப்பந்தம் முடியும் தறுவாயில் விற்றால் பாதி விலைதான் கிடைக்கும். கேப்டனும் அனுபவமுள்ள இரண்டு தடுப்பாட்டக்காரர்களும் இருக்கட்டும். கோல்கீப்பரையும் தடுப்பாட்டக்காரரையும் 20 வயதில் எடைபோட வேண்டாம். அவர்கள் பழுக்க நாளாகும்.

நிர்வாகத்துக்குப் பொறுமை இருக்கிறதா என்று அறிய, உங்கள் 19 வயது வீரரின் பத்தாவது ஆட்டத்தைக் கவனியுங்கள். அந்த வயதில் பருவத்துக்குப் பத்து ஆட்டங்களுக்குக் குறைவாக ஆடினால் முதல் ஒப்பந்தத்தின் ஓராண்டு செலவாகாது. அவர் இன்னும் தயாராகாத நிலையில், அணியும் தோற்றுக்கொண்டிருக்கும்போது, பத்தாவது ஆட்டத்திலும் அவரை இறக்கினால் அவர்களிடம் திட்டம் எதுவும் இல்லை என்று எடுத்துக்கொள்ளுங்கள்.