சம்மர் புரோகிராம் கட்டுரை: எழுத உட்கார்ந்தாலே வயிற்றைக் கலக்குகிறதா?

மேடம், மேலூரிலிருந்து தினமும் பஸ்ஸில் மதுரைக்கு வந்து பி.எஸ்சி. இயற்பியல் இரண்டாம் ஆண்டு படிக்கிறேன். மூன்று அறிவியல் அகாடமிகள் சேர்ந்து நடத்தும் கோடைக்கால ஆராய்ச்சித் திட்டத்துக்கு விண்ணப்பிக்கச் சொன்னார் எங்கள் துறைத்தலைவர். மார்க் விவரமெல்லாம் போட்டுவிட்டேன். ஏன் சேர விரும்புகிறீர்கள், என்ன செய்ய ஆசை என்று எழுத வேண்டிய பெட்டி மட்டும் காலியாகவே கிடக்கிறது. ராத்திரியில் தூக்கமில்லை. பிளஸ் டூ வரை தமிழ் மீடியம். அப்பா பம்ப்செட் மோட்டாருக்குக் காயில் கட்டுகிறவர். பெங்களூர், டெல்லிப் பிள்ளைகள் எழுதுவதற்கு முன்னால் நான் என்னத்தை எழுதுவது? எழுதிப் பார்த்த ஒரு பக்கத்தை இணைத்திருக்கிறேன்.
- மாணவர், மேலூர்

தம்பி, நீ அனுப்பிய பக்கத்தைப் படித்தேன். சிறு வயதிலிருந்தே அறிவியலில் தீராத தாகம், கலாம் ஐயாவின் கனவு, நாட்டுக்குச் சேவை என்று போகிறது. தப்பாக ஒன்றுமில்லை, ஆனால் அதில் நீ எங்கேயும் இல்லை. பேரை மாற்றினால் உன் பெஞ்சில் உட்கார்ந்திருக்கும் யார் வேண்டுமானாலும் அதை அனுப்பிவிடலாம். ஆனால் உன் கடிதத்தில், ஏதோ ஒளித்து வைக்க வேண்டிய சங்கதி மாதிரி போகிற போக்கில் ஒரு வரி எழுதியிருக்கிறாய் பார், அப்பா மோட்டாருக்குக் காயில் கட்டுகிறவர் என்று, நான் அங்கேதான் நிமிர்ந்து உட்கார்ந்தேன்.

அந்தக் கடையில் வளர்ந்த பிள்ளைக்கு ஒரு விஷயம் கண்டிப்பாகத் தெரிந்திருக்கும்: கோடையில் லோ வோல்டேஜ் வந்தால் கருகிய மோட்டார்கள் வரிசையாக வந்து இறங்கும். ஓம் விதியை மட்டும் படித்தவனிடம் கேட்டால், வோல்டேஜ் குறைந்தால் கரன்ட்டும் குறையத்தானே வேண்டும், பிறகு ஏன் கருகுகிறது என்பான். ஆனால் கிணற்றிலிருந்து மேலே ஏற்ற வேண்டிய தண்ணீரின் பாரம் குறையவில்லையே! மோட்டாரின் வேகம் தளர்ந்து, அந்தப் பாரத்தை இழுப்பதற்காகக் கூடுதல் கரன்ட்டை வாங்குகிறது, காயில் சூடேறுகிறது, கம்பி மேல் இருக்கிற வார்னிஷ் கருகுகிறது, அப்புறம் காயிலின் ஒரு சுற்றுக் கம்பி அடுத்த சுற்றோடு ஒட்டி ஷார்ட்டாகி, முடிந்தது கதை. அந்தக் கருகல் வாடையை வைத்தே எது போன மோட்டார் என்று உன் அப்பா சொல்லியிருப்பார், நீயும் கேட்டிருப்பாய். அந்தக் காப்புப் பூச்சு எந்தச் சூட்டில், ஏன் உடைகிறது என்பது இன்றைக்கும் ஆய்வுக்கூடங்களில் ஆட்கள் உட்கார்ந்து பார்க்கிற கேள்வி. இதைவிட நல்ல ஆரம்பம் பெங்களூர்ப் பிள்ளைக்கு எங்கிருந்து கிடைக்கும் என்று எனக்குத் தெரியவில்லை.

அதற்காக ஏழைத் தகப்பன் கதை எழுதச் சொல்கிறேன் என்று எடுத்துக்கொள்ளாதே. விண்ணப்பத்தைப் படிப்பவர் ஒரு விஞ்ஞானி, மேஜையில் கட்டுக்கட்டாக ஃபாரம் இருக்கும், அவருக்கு வேண்டியது கண்ணீர் இல்லை. இந்தப் பையனை இரண்டு மாதம் லேபில் வைத்துக்கொண்டால் ஒரு கேள்வியைப் பிடித்துக்கொண்டு விடாமல் நிற்பானா, தெரியாததைத் தெரியாது என்பானா, அவ்வளவுதான் அவர் பார்ப்பது. நீயோ, நான் எவ்வளவு பெரிய ஆள் என்று அவருக்கு நிரூபிக்கப் பார்க்கிறாய். அதை யாரும் கேட்கவில்லை. கேட்காத கேள்விக்குப் பதில் தேடினால் யாருக்குத்தான் தூக்கம் வரும்?

சரி, எழுதுவது எப்படி? இங்கிலீஷில் யோசிக்காதே. மேலூர் பஸ்ஸில் ஏறி உட்கார்ந்ததும் போனில் ரெக்கார்டரைப் போட்டுவிட்டு, பக்கத்தில் இருக்கிற சிநேகிதனுக்குச் சொல்கிற மாதிரி தமிழில் சொல்: கடையில் என்ன பார்த்தாய், எது புரியவில்லை, வகுப்பில் எந்தப் பாடம் வந்தபோது அது ஞாபகம் வந்தது, அங்கே போனால் எதைத் தோண்டிப் பார்க்க ஆசை. மாட்டுத்தாவணி பஸ் ஸ்டாண்ட் வருவதற்குள் சொல்லி முடித்துவிடலாம். வீட்டுக்குப் போய் அதைக் கேட்டுக்கொண்டே சின்னச் சின்ன இங்கிலீஷ் வாக்கியமாக எழுது. இலக்கணத்தை ஆங்கிலத்துறை மேடம் யாராவது ஒருமுறை பார்த்துக் கொடுப்பார்கள், விஷயமே இல்லாத பக்கத்தை யாராலும் திருத்த முடியாது.

இன்னொன்று. ராத்திரி பதினொரு மணிக்கு மேல் அந்தப் பக்கத்தைத் திறக்கவே திறக்காதே, அந்த நேரத்தில் நல்ல வரியும் மோசமாகத்தான் தெரியும். எழுத உட்காரும் முன் ஒரு பத்து நிமிஷம், எதற்கெல்லாம் பயமாக இருக்கிறதோ அதை வேறொரு தாளில் கிறுக்கிவிட்டு உட்கார். இது என் கைவைத்தியம் இல்லை. பரீட்சைக்கு முன் பத்து நிமிஷம் தங்கள் பயத்தை எழுதிய மாணவர்களில், அதிகம் பதற்றப்படுகிறவர்கள் நன்றாக எழுதினார்கள் என்று ராமிரெஸ், பைலாக் என்ற இரண்டு உளவியலாளர்கள் 2011-ல் ‘சயன்ஸ்’ இதழில் எழுதினார்கள். அது பரீட்சைக்குப் பார்த்தது, உன் கட்டுரைக்குப் பார்த்ததில்லை, இருந்தாலும் ஒரு தாள்தானே செலவு.

எழுதியதை இரண்டே பேரிடம் காட்டு. ஒருவர் இயற்பியல் தெரிந்தவர், இன்னொருவர் உன்னைத் தெரிந்தவர். வாட்ஸ்அப் குரூப்பில் போட்டால் ஆளுக்கொரு திருத்தம் சொல்லி, கடைசியில் பழையபடி கலாம் ஐயாவே வந்து நிற்பார். இந்த ஒன்றையே நம்பியும் இருக்காதே. மும்பையில் டிஐஎஃப்ஆர் என்கிற டாடா அடிப்படை ஆராய்ச்சி நிறுவனம், சென்னை தரமணியில் இருக்கும் கணித அறிவியல் நிறுவனம், ஐஐடி மெட்ராஸ் எல்லாமே கோடைக்கு மாணவர்களை எடுக்கின்றன, எந்தப் படிப்பு, எந்த ஆண்டுப் பிள்ளைகளை என்று மட்டும் முதலில் பார்த்துக்கொள். ஒருமுறை நன்றாக எழுதிவிட்டால், அங்கங்கே கேட்பதற்குத் தக்கபடி மாற்றி அனுப்பிக்கொள்ளலாம். விண்ணப்பம் அனுப்பிய பிறகும் தூக்கம் வராமல், சாப்பாடும் இறங்காமல் இருந்தால் 14416-க்குப் போன் போடு. டெலி மானஸ், அரசாங்கத்தின் இலவச எண், எந்நேரமும் எடுப்பார்கள், தமிழிலேயே பேசலாம். வெட்கப்பட இதில் ஒன்றுமில்லை.

பிளஸ் ஒன் படிக்கும் மகள் அமெரிக்கப் பல்கலைக்கழக சம்மர் புரோகிராம்களுக்கு விண்ணப்பிக்க வேண்டும் என்கிறாள். கட்டுரை எழுத உட்கார்ந்தாலே அழுகை. ஒரு கன்சல்டன்ட், தானே எழுதித் தருவதாகவும், குடிசைப் பகுதிப் பிள்ளைகளுக்குப் பாடம் சொல்லிக் கொடுத்ததாகப் போட்டால் சீட் நிச்சயம் என்றும் சொல்கிறார். பெரிய தொகை கேட்கிறார். கொடுக்கலாமா?
- ஒரு அம்மா, திருநகர்

கொடுக்காதீர்கள் அம்மா. செய்யாத சேவையைச் செய்ததாக எழுதி ஒரு பிள்ளையைக் கையெழுத்துப் போட வைப்பது பொய், இதில் சுற்றி வளைக்க ஒன்றுமில்லை. நாளைக்கு ஆன்லைன் நேர்காணலில், அந்தப் பிள்ளைகளுக்கு என்ன பாடம் எடுத்தாய் என்று கேட்டால் முழிக்கப்போவது கன்சல்டன்ட் இல்லை, உங்கள் மகள்.

எந்தப் புரோகிராம் என்று நீங்கள் எழுதவில்லை, அதுதான் முதல் கேள்வி. எல்லாம் ஒரே ரகம் இல்லை. அமெரிக்காவின் எம்ஐடி வளாகத்தில் நடக்கும் ஆர்எஸ்ஐ (ரிசர்ச் சயன்ஸ் இன்ஸ்டிடியூட்) என்ற பள்ளி மாணவர் ஆராய்ச்சித் திட்டம் 1984-ல் தொடங்கியது. படிப்பு, தங்குமிடம், சாப்பாடு எதற்கும் அவர்கள் காசு வாங்குவதில்லை, அதனால் போட்டியும் பயங்கரம். யேல் பல்கலைக்கழகம் நடத்தும் யேல் யங் குளோபல் ஸ்காலர்ஸ் இரண்டு வாரம். கட்டணம் பல ஆயிரம் டாலர், ஆனால் வசதி குறைந்தவர்களுக்கு நிதியுதவி கேட்க வழி உண்டு. இன்னும் சில, பெரிய பல்கலைக்கழகத்தின் பேரைப் பலகையில் போட்டுக்கொண்டு, அங்கே அறைகளை வாடகைக்கு எடுத்துத் தனியார் கம்பெனி நடத்துபவை. பணம் கட்டினால் அநேகமாக யாருக்கும் இடம் கிடைக்கும். அந்த மூன்றாவது ரகத்துக்காக உங்கள் மகள் அழுதுகொண்டிருந்தால் அந்த அழுகை அநியாயம். யார் நடத்துகிறார்கள், மொத்தம் எவ்வளவு, விமான டிக்கெட் இதில் சேர்த்தியா என்று அவளோடு உட்கார்ந்து பாருங்கள். தேதியையும் பாருங்கள். அங்கே கோடை விடுமுறை ஜூன், ஜூலை, ஆகஸ்ட். நமக்கு ஜூனில் பள்ளி திறந்துவிடும், அதுவும் பிளஸ் டூ. விசா நேர்காணலுக்குச் சென்னைக்குப் போய்வர வேண்டும். இதையெல்லாம் பேசாமலே கட்டுரையில் இறங்கினால் அந்தப் பாரமும் சேர்ந்து அவள் தலையில்தான் உட்காரும்.

கடிதத்தின் கடைசியில், தெருக் குழாயில் மாநகராட்சித் தண்ணீர் எத்தனை மணிக்கு வருகிறது என்று காலண்டரில் தினமும் குறித்து வைப்பாள், வேண்டாத வேலை என்று எழுதியிருக்கிறீர்கள். வேண்டாத வேலையா? எந்தக் கிழமை தள்ளிப்போகிறது, எதனால் என்று அவளிடம் கேளுங்கள், கட்டுரைக்கான விஷயம் அந்தக் காலண்டரிலேயே இருக்கிறது. நீங்கள் செய்ய வேண்டியது ஒன்றுதான்: எழுதி முடிச்சிட்டியா என்று வேளாவேளைக்குக் கேட்காமல் இருப்பது. வாரத்தில் ஒரு நாள், ஞாயிறு சாயங்காலம் என்று வையுங்களேன், அன்றைக்கு மட்டும் அந்தப் பேச்சு. அத்தைக்கும் சித்திக்கும் இப்போதே சொல்லி வைக்காதீர்கள். கிடைக்காவிட்டால் கல்யாண வீட்டில் அவள் பதில் சொல்லிக்கொண்டு நிற்க வேண்டும்.

கட்டுரையை ஏஐ-யிடம் கொடுத்து எழுத வாங்கினால் கண்டுபிடித்துவிடுவார்களா?
- நரிமேடு வாசகர்

கண்டுபிடிப்பது இருக்கட்டும், பல விண்ணப்பங்களில் ‘இது என் சொந்த எழுத்து’ என்று டிக் அடிக்கச் சொல்கிறார்கள், அதை அடித்துவிட்டுத்தானே அனுப்ப வேண்டும்? எழுத்துப்பிழை பார்க்க, நீண்ட வாக்கியத்தை உடைக்க வைத்துக்கொள்ளுங்கள், அதுவும் அந்த அறிவிப்பில் தடை இல்லையென்றால். முழுதாக எழுத வாங்கினால் வழவழவென்று வரும், படித்து முடித்தபின் ஒன்றும் ஞாபகம் இருக்காது.

கட்டுரை முடிந்தது. பரிந்துரைக் கடிதம் தர வேண்டிய பேராசிரியர் ‘நாளைக்கு வா’ என்றே சொல்லிக்கொண்டிருக்கிறார். கட்டுரையைவிட இதுதான் டென்ஷன்.
- எம்.எஸ்சி. மாணவி, திருமங்கலம்

அவருக்கு உங்கள் மேல் கோபம் ஒன்றும் இருக்காது, எதை எழுதுவது என்று தெரியாமல்தான் தள்ளிப்போடுகிறார். எழுபது பேர் வகுப்பில் உங்களைப் பற்றி என்ன ஞாபகம் இருக்கும், பாவம். ஒரே ஒரு தாளில், அவரிடம் எந்தப் பாடம் படித்தீர்கள், என்ன செமினார் எடுத்தீர்கள், எந்தப் புரோகிராம், கடைசித் தேதி, கடிதத்தை எந்த லிங்க்கில் ஏற்ற வேண்டும் என்று எழுதிக் கையில் கொடுங்கள், மெயிலிலும் அனுப்புங்கள். உண்மையான கடைசித் தேதிக்கு ஒரு வாரம் முன்னாலேயே வேண்டும் என்று கேளுங்கள். இன்டர்னல் பேப்பர் திருத்துகிற நாளில் மட்டும் அந்த அறைப் பக்கம் போய்விடாதீர்கள்.