கைடுக்கு சைட்டேஷன் கம்மியா இருக்கே, பொண்ணை அனுப்பலாமா?

வணக்கம்மா, உங்க மெசேஜ் முழுசா படிச்சேன். பொண்ணுக்கு ரெண்டு இடத்துல பிஎச்டி கெடச்சிருக்கு, மெட்டீரியல்ஸ் சயின்ஸ் சாருக்கு எச்-இண்டெக்ஸ் 60, மேத்தமேட்டிக்கல் பிசிக்ஸ் சாருக்கு வெறும் 15, ஆனா பொண்ணு அவருகிட்டதான் சேருவேன்னு ஒத்தக்கால்ல நிக்குறா, இதானே உங்க கவலை. அந்த ரெண்டு நம்பரையும் பக்கத்துல வச்சு பாக்கவே கூடாதும்மா. டெஸ்ட் மேட்ச் ஆடுறவரோட ஸ்ட்ரைக் ரேட்டை டி20 ஆளோட சேர்த்து பாக்குற மாதிரி ஆயிடும்.

எச்-இண்டெக்ஸ் 15னா, அவரோட 15 பேப்பர் ஒவ்வொண்ணையும் குறைஞ்சது 15 பேப்பராவது மேற்கோள் காட்டியிருக்குன்னு அர்த்தம், அந்த மேற்கோளைத்தான் சைட்டேஷன்னு சொல்றாங்க. இந்த கணக்கை 2005ல ஒரு பேப்பர் எழுதி கொண்டு வந்தவர் ஜார்ஜ் ஹிர்ஷ், அவரும் ஒரு பிசிசிஸ்ட்தான். எட்வர்ட் விட்டனுக்கு அந்த பேப்பர்ல 110 போட்டிருந்தார், ஆனா விட்டன், கணக்குக்கு குடுக்குற பெரிய விருதான பீல்ட்ஸ் மெடலை வாங்கின முதல் பிசிசிஸ்ட், அவரை அளவுகோலா வச்சா உலகத்துல யாருமே தேற மாட்டாங்க. அதே பேப்பர்லயே, அமெரிக்காவுல பெரிய யுனிவர்சிட்டில ஒரு பிசிசிஸ்ட் பர்மனன்ட் ஆகுறதுக்கு சுமார் 12 இருந்தா போதும், முழு புரொபசருக்கு சுமார் 18னு சொல்லியிருக்கார். இப்ப அந்த 15ஐ திரும்ப பாருங்க, பயப்படுற நம்பரே இல்ல.

மேத்தமேட்டிக்கல் பிசிக்ஸ்ல ஒரு ப்ரூஃப் முடிக்கவே வருஷக்கணக்குல ஆகும், பேப்பர்ல ரெண்டு மூணு பேர் பேருதான் இருக்கும், படிச்சு புரிஞ்சுக்குற ஆளுங்களும் உலகம் பூரா கொஞ்சம் பேர்தான். இன்னொரு பக்கம் 2015ல ஹிக்ஸ்ங்கிற அணுவை விட சின்ன துகளோட நிறையை அளந்த, ஐரோப்பாவுல இருக்குற செர்ன் ஆராய்ச்சி மையத்தோட பேப்பர்ல 5,154 பேர் பேரு இருக்கு, அது எத்தனை தடவை சைட் ஆனாலும் அத்தனை பேர் கணக்குலயும் ஏறும். அப்புறம் சைட்டேஷன் லேட்டாவும் வரும்மா. பிசிசிஸ்ட் ஸ்டீவன் வெயின்பெர்க் 1967ல எழுதின மூணு பக்க பேப்பரை முதல் சில வருஷம் யாரும் கண்டுக்கவே இல்ல, 1971ல டச்சுக்காரர் ஹூஃப்ட் அந்த மாதிரி தியரியெல்லாம் கணக்குல நிக்கும்னு காட்டின பிறகுதான் சைட்டேஷன் எகிறிச்சு, 1979ல நோபலே வந்துடுச்சு.

அதுக்காக நம்பரை பாக்கவே வேணாம்னு சொல்லல. ஆராய்ச்சி பேப்பர் தேடுற கூகுள் ஸ்காலர் சைட்டுல அவர் பேஜை திறந்து வருஷ வாரியா வரிசைப்படுத்த சொல்லுங்க பொண்ணை. கடைசி அஞ்சு வருஷத்துல ஒண்ணுமே இல்லன்னா, இல்ல சைட் பண்ணது பூரா அவரும் அவர் கூட்டாளிகளும் மட்டும்தான்னா, அது யோசிக்க வேண்டிய விஷயம். இதைவிட முக்கியமா நான் பாக்குறது அவர்கிட்ட முடிச்ச பசங்களை. அவங்க பேரு பேப்பர்ல இருக்கா, எத்தனை வருஷத்துல முடிச்சாங்க, இப்ப எங்க இருக்காங்க, அவர் பேச நேரம் குடுப்பாரா, அவங்ககிட்டயே ஒரு மெயில் போட்டு கேக்கலாம், பெரும்பாலும் பசங்க மனசு விட்டு சொல்லிடுவாங்க.

பணம் பத்தியும் கேட்டிருந்தீங்க. பிஎச்டி பசங்களுக்கான உதவித்தொகை ஜேஆர்எஃப் இப்ப மாசம் 37,000, ரெண்டு வருஷம் கழிச்சு அது எஸ்ஆர்எஃப்னு மாறி 42,000 ஆகும், வீட்டு வாடகைப்படி (எச்ஆர்ஏ) தனி, அதனால அது கெடச்சா உங்க கைக்காசு போகாது. கஷ்டம் அதுக்கப்புறம்தான், பிஎச்டிக்கு அப்புறம் பண்ற தற்காலிக ஆராய்ச்சி வேலை, அதாவது போஸ்ட்டாக், ரெண்டு மூணு வெளிநாட்டுல பண்ணிட்டு வந்தாலும் இங்க பேக்கல்டி போஸ்ட் ரொம்ப கம்மி, இதை பொண்ணுகிட்ட மறைக்காம பேசிடுங்க. கூடவே பைத்தானும் ஸ்டாட்டிஸ்டிக்ஸும் நல்லா கத்துக்க சொல்லுங்க, பைனான்ஸ் கம்பெனி, டேட்டா சயின்ஸ் பக்கம் இந்த மாதிரி கணக்கு தெரிஞ்ச பசங்களை எடுக்குறாங்க.

சேருற கடைசி தேதிக்கு முன்னாடியே அந்த சாரோட பழைய ஸ்டூடண்ட்ஸ் ரெண்டு பேருக்காவது அவ மெயில் போடட்டும், பதில் வந்ததும் எனக்கு அனுப்புங்க, உக்காந்து பேசி முடிவு பண்ணிடலாம்.