ரெனாவின் பதவிக் காலத்தை ஆய்வேட்டிலிருந்து நீக்கலாமா?

வணக்கம் நண்பரே. ஸ்பானிய ஓவியரும் சுவரொட்டிக் கலைஞருமான யோசெப் ரெனாவ் பற்றிய தங்கள் ஆய்வேட்டில், அவர் ஸ்பானியக் குடியரசின் நுண்கலைத் துறைத் தலைவராக இருந்த 1936–38 காலத்தை, "படைப்பு இல்லாத நிர்வாகக் காலம்" என்று நீக்கிவிடலாமா எனக் கேட்டிருக்கிறீர்கள். தயவுசெய்து நீக்க வேண்டாம்.

1907இல் வலென்சியாவில் பிறந்த ரெனாவ் அப்பதவியை ஏற்றபோது அவருக்கு வயது 29. உள்நாட்டுப் போரில் மாட்ரிட் மீது குண்டுகள் விழுந்த நாட்களில் பிராடோ அருங்காட்சியகத்தின் ஓவியங்கள் அவரது பொறுப்பில் வலென்சியாவுக்குக் கொண்டுசெல்லப்பட்டு, செர்ரானோஸ் கோட்டைவாயிலில், கான்கிரீட்டும் நெல் உமியும் மண்ணும் அடுக்கிய காப்புக்கூரையின் கீழ் வைக்கப்பட்டன. பிக்காசோவின் 'குவெர்னிகா' ஓவியம் இடம்பெற்ற 1937 பாரிஸ் கண்காட்சியின் ஸ்பானிய அரங்குக்கான பணியிலும் அவருக்குப் பெரும் பங்குண்டு. அந்த அரங்கின் சுவர்களுக்கான ஒளிப்பட ஒட்டுச்சித்திரங்களை (பல ஒளிப்படத் துண்டுகளை இணைத்து ஆக்கும் படங்களை) அவரே உருவாக்கினார் என்பதால், "படைப்பு இல்லாத காலம்" என்ற தொடரே பொருந்தாது. சுவரொட்டியின் சமூகப் பணி குறித்த அவரது கட்டுரையும் அதே ஆண்டில் வெளிவந்ததுதான்.

பக்கம் போதவில்லையென்றால் மெக்சிகோவில் அவர் வரைந்த திரைப்படச் சுவரொட்டிகளைச் சுருக்குங்கள். ஆனால் மெக்சிகோ ஓவியர் சிக்கெய்ரோஸுடன் அங்குள்ள மின்தொழிலாளர் சங்கக் கட்டடத்தில் தீட்டிய சுவரோவியத்தையும், அமெரிக்க வாழ்முறையைச் சாடிய, கிழக்கு பெர்லினிலும் தொடர்ந்த ஒட்டுச்சித்திர வரிசையையும் அவசியம் சேருங்கள். பாரிஸ் அரங்கில் கையாண்ட உத்தி அவ்வரிசையில்தான் முழு வீச்சை அடைகிறது என்பது என் கருத்து.