கரண்ட் போனதும் கதவு திறந்துகொள்கிறது, இஎம் லாக்கை மாற்ற வேண்டுமா?

லாக்கை மாற்ற வேண்டாம். கரண்ட் போன நொடியே அலுவலகக் கதவு விட்டுவிடுகிறது என்கிறீர்கள். இஎம் லாக்கின், அதாவது மின்காந்தப் பூட்டின், சுபாவமே அதுதான். மின்சாரம் இருக்கும்வரை காந்தம், இல்லையென்றால் வெறும் இரும்பு. அந்த நேரத்தில் பேட்டரி ஏன் கை கொடுக்கவில்லை என்றுதான் பார்க்க வேண்டும்.

பவர் சப்ளை பெட்டிக்குள் பெரும்பாலும் 12 வோல்ட் 7 ஏஹெச் (ஆம்பியர்-மணி) பேட்டரி இருக்கும். போட்டு நாலு வருடம் ஆகிவிட்டது என்றால் அநேகமாகச் செத்திருக்கும்.

மெயினை அணைத்துவிட்டு பேட்டரி முனைகளில் மல்டிமீட்டர் வையுங்கள். அணைக்காமல் வைத்தால் சார்ஜர் தரும் 13.5 வோல்ட்டைத்தான் காட்டும். நானே ஒருமுறை அப்படி ஏமாந்து, பேட்டரி நன்றாக இருக்கிறது என்று சொல்லிவிட்டு வந்தவன். அணைத்ததும் 10-க்குக் கீழே சரிந்தால் புதிது போடுங்கள். 600 பவுண்டு பிடிப்பு விசை உள்ள லாக் சுமார் அரை ஆம்பியர்தான் இழுக்கும், கார்டு ரீடரையும் சேர்த்து நல்ல பேட்டரி சில மணி நேரம் தாங்கும்.

12.5 காட்டியும் கதவு விட்டால் பேட்டரி ஒயரின் ஃபியூஸைப் பாருங்கள். லாக்கைத் தனி அடாப்டரில் கொடுத்துவிட்டுப் போகிறவர்களும் உண்டு, அப்படியென்றால் பேட்டரி லாக்குக்கு உதவாது.

அப்புறம் ஒன்று, பேட்டரி மாற்றும் முன்பே கவனியுங்கள். தீ அலாரம் அடித்தால் லாக்குக்குப் போகும் லைனே துண்டாக வேண்டும். மெயின் மட்டும் துண்டானால், புது பேட்டரி கதவை இழுத்துப் பிடித்துக்கொண்டே இருக்கும்.