கிட் வாங்கக் காசில்லை, 36 பிள்ளைகள்: 4, 5ஆம் வகுப்பில் ஸ்டீம் செயல்திட்டங்களை எப்படி நடத்துவது?

கேள்வி: 4, 5ஆம் வகுப்பு எடுக்கிறேன். பீரியடு 40 நிமிடம். செய்து பார்க்கும் ஸ்டீம் (அறிவியல், தொழில்நுட்பம், பொறியியல், கலை, கணிதம் சேர்ந்தது) செயல்திட்டங்கள் மூலம் பிரச்சினை தீர்க்கும் திறனைக் கற்றுத்தரச் சொல்கிறார்கள். யூடியூபில் பார்த்துச் செய்ய வைத்தால் எல்லாப் பிள்ளைகளும் ஒரே மாதிரிப் பொருளைச் செய்துவிட்டுப் போய்விடுகிறார்கள். எங்கே தவறுகிறது?

பதில்:

கிட் இல்லாதது குறையே இல்லை. பாகங்களும் படிப்படியான படமும் ஒரே பெட்டியில் வந்துவிட்டால் பிள்ளைக்கு மிஞ்சுவது பொருத்தும் வேலைதான். யூடியூப் பார்த்துச் செய்வதும் அதே கதை. யோசிக்க வேண்டியதை எல்லாம் வீடியோ எடுத்தவர் யோசித்து முடித்துவிட்டார்.

பிரச்சினை தீர்க்கும் வேலை இரண்டாவது முறை செய்யும்போதுதான் தொடங்குகிறது. முதலில் செய்தது ஏன் விழுந்தது, எந்த இடத்தில் விழுந்தது என்று பார்த்து, ஒன்றை மாற்றி, மறுபடி வைத்துப் பார்ப்பதுதான் அந்த வேலை. ஆகவே திட்டத்தைத் தேர்ந்தெடுக்க மூன்றே சோதனை. தோற்றால் பிள்ளைக்கே கண்ணால் தெரிய வேண்டும், டீச்சர் சொல்லக் கூடாது. திரும்பச் செய்ய 10 நிமிடத்துக்கு மேல் ஆகக் கூடாது, காசும் ஆகக் கூடாது. முடிவை எண்ணிச் சொல்ல முடிய வேண்டும். களிமண் எரிமலையில் சோடாவும் வினிகரும் நுரைப்பது இந்த மூன்றிலுமே நிற்காது. பார்க்க அழகு, அவ்வளவுதான்.

தொடங்க ஏற்றது காகிதப் பாலம். ஒரே ஒரு ஏ4 தாள், 20 செ.மீ. இடைவெளி, நடுவில் எவ்வளவு எடை தாங்கும் என்பதுதான் சவால்.

மூன்று பேருக்கு ஒரு குழு, மொத்தம் 12 குழு. நால்வர் ஆனால் ஒருவர் வேடிக்கை பார்ப்பார். குழுவுக்கு மூன்று தாள், முயற்சிக்கு ஒன்று. எல்லாம் 75 ஜிஎஸ்எம்மாகவே (சதுர மீட்டருக்கு 75 கிராம்) இருக்கட்டும். ஒரு பக்கம் அச்சடித்த பழைய தாளானாலும் சரி, கசங்காமல் இருந்தால் போதும். எடைக்கு நாணயம் வேண்டாம். ஒரு ரூபாயிலேயே பழையது 4.85 கிராம், 2011 வரிசை 3.79 கிராம், 2019 வரிசை 3.09 கிராம் என்று பலவகை உண்டு. ஹார்டுவேர் கடையில் ஒரே அளவு வாஷர் (நட்டுக்கு அடியில் போடும் இரும்பு வளையம்) ஒன்றரைக் கிலோ வாங்கி, மூன்று சோதனை மேசைகளுக்கு அரைக் கிலோவாகப் பிரித்து வையுங்கள். அரைக் கிலோவில் எத்தனை வாஷர் என்று பிள்ளைகளே எண்ணி வகுத்து ஒரு வாஷரின் எடையைக் கண்டுபிடிக்கட்டும். அன்றைய கணக்குப் பாடம் அதிலேயே முடியும்.

ஒவ்வொரு மேசையிலும் ஒரே உயரத்துக்குப் புத்தகங்களை அடுக்கி, 20 செ.மீ. விட்டு சாக்பீஸால் கோடு போடுங்கள். கோடு இல்லாவிட்டால் அடுக்கு மெல்ல நகர்ந்து 17 செ.மீ. ஆகிவிடும், யாரும் கவனிக்க மாட்டார்கள். வாஷரை நேராகப் பாலத்தின் மேல் வைத்தால் உருண்டு விழும். தீப்பெட்டியின் உள்தட்டை நடுவில் வைத்து அதில் போடச் சொல்லுங்கள். "நடுவில்" என்பதை விதியாகச் சொல்லாமல் விட்டால் கெட்டிக்காரப் பிள்ளை ஒன்று வாஷரைப் புத்தகத்துக்கு நேர் மேலே அடுக்கிவிடும். அதைத் திட்ட வேண்டாம். விதியில் ஓட்டை எங்கே என்று கேட்டு, வகுப்பையே விதியை எழுத வையுங்கள்.

முதல் இரண்டு முயற்சிக்கு டேப்பும் பசையும் கிடையாது. கொடுத்தால் பிள்ளைகள் தாளைச் சுற்றிச் சுற்றி ஒட்டுவார்கள். பாலத்தைத் தாங்குவது வடிவமா டேப்பா என்று அப்புறம் தெரியாது. மூன்றாவது முயற்சிக்கு மட்டும் 10 செ.மீ. டேப்.

சும்மா வைத்த தாள் சில வாஷருக்கே தொங்கி உள்ளே விழுந்துவிடும். அடுத்து பெரும்பாலான குழுக்கள் விசிறி மடிப்புக்கு வருவார்கள். அதில் பாதிப் பேர் மடிப்பைக் குறுக்கே போட்டிருப்பார்கள், அதாவது மடிப்புக் கோடு புத்தக விளிம்புக்கு இணையாக ஓடும். அந்தப் பாலம் ஆர்மோனியத் துருத்தி போல இழுபட்டு விழும். இங்கே வாயை மூடிக்கொள்வதுதான் டீச்சருக்கு இருப்பதிலேயே கடினமான வேலை. பக்கத்து மேசையில் நீளவாக்கில் மடித்த பாலம் நிற்பதை அவர்களே பார்ப்பார்கள். பார்த்துச் செய்வது காப்பியடிப்பது இல்லையா என்று கேட்டால், இல்லை. பொறியியலில் அதற்குத் தடை இல்லை. எதைப் பார்த்து எதை மாற்றினோம் என்று நோட்டில் எழுத வேண்டும், அவ்வளவே.

பாலம் விழும் விதங்களை நீங்கள் முன்பே தெரிந்து வைத்திருப்பது நல்லது. ஒவ்வொன்றுக்கும் காரணம் வேறு, மருந்தும் வேறு. மொத்தமாக வளைந்து தொங்கினால் மடிப்பின் உயரம் போதவில்லை. 1 செ.மீ. பட்டையாக மடித்தவர்கள் 2 செ.மீ.க்குப் போக வேண்டும். மடிப்புகள் பக்கவாட்டில் விரிந்து தட்டையாகிவிட்டால் உயரத்தைக் கூட்டிப் பயனில்லை. மடிப்புகள் விலகாமல் பிடித்து வைக்க ஏதாவது வேண்டும், அந்த 10 செ.மீ. டேப் அதற்குத்தான். நுனி நழுவி உள்ளே விழுந்தால் பாலத்தை நடுவாக வைக்கவில்லை, 29.7 செ.மீ. தாளில் இருபக்கமும் ஏறக்குறைய 5 செ.மீ. புத்தகத்தின் மேல் கிடக்க வேண்டும். தாளைக் குழலாகச் சுருட்டியவர்களுக்கு வேறு தொல்லை: குழல் உருளும், எடை வைத்த இடம் மட்டும் நசுங்கி அங்கேயே மடியும்.

விழுந்ததும் கேட்க வேண்டிய கேள்வி "ஏன் விழுந்தது?" அல்ல. அதற்கு "வெயிட் தாங்கல மிஸ்" என்றுதான் பதில் வரும். "முதலில் எந்த இடம் மடிந்தது? விரலை வைத்துக் காட்டு" என்று கேளுங்கள். "மிஸ், இது சரியா?" என்று யாராவது கொண்டுவந்தால் "மேசையில் வைத்துப் பார்" என்ற ஒரே பதில் போதும்.

மடிப்பு ஏன் தாங்குகிறது என்ற விளக்கம் இரண்டாம் முயற்சிக்குப் பிறகு வரட்டும். 30 செ.மீ. பிளாஸ்டிக் ஸ்கேலைப் படுக்க வைத்து அழுத்தினால் வளையும், விளிம்பில் நிறுத்தி அழுத்தினால் வளையாது. பொருள் அதேதான், உயரம்தான் மாறியது. உங்களுக்கு மட்டும்: ஒரு சட்டத்தின் உயரத்தை இரட்டிப்பாக்கினால் அதன் விறைப்பு எட்டு மடங்காகும். பிள்ளைகளிடம் அந்தக் கணக்கு வேண்டாம். தாளின் எடை ஏறக்குறைய 5 கிராம், பாலம் தன் எடையைப் போல் எத்தனை மடங்கு தாங்கியது என்று வகுக்கச் சொன்னால் போதும்.

நேரத்துக்கு, இரண்டு பீரியடு சேர்ந்தாற்போல வேண்டும். ஒன்றே கிடைத்தால் முதல் நாள் வரைபடமும் முதல் முயற்சியும், மறுநாள் மற்ற இரண்டும். கட்டுவதற்கு முன் ஐந்து நிமிடம் ஒவ்வொருவரும் தனித்தனியாக வரைய வேண்டும். குழுவில் பேசிவிட்டு வரைந்தால் சத்தமாகப் பேசுபவரின் யோசனை மட்டுமே தாளில் இருக்கும். நோட்டில் முயற்சிக்கு மூன்று வரி: எதை மாற்றினேன், என்ன ஆகும் என்று நினைத்தேன், என்ன ஆனது. ஒரு முயற்சியில் ஒன்றை மட்டும் மாற்ற வேண்டும் என்பது இந்த வயதுக்குக் கடினம், நான்காம் வகுப்புக்கு ரொம்பவே. மடிப்பையும் உயரத்தையும் சேர்த்து மாற்றி, எடையும் கூடியிருந்தால் "எதனால் கூடியது?" என்று கேளுங்கள். பதில் தெரியாமல் விழிக்கும்போது விதியின் அவசியம் தானாகப் புரியும்.

அடுத்த மாதத்துக்குத் தீக்குச்சியும் சைக்கிள் வால்வு டியூபும் (வால்வில் மாட்டும் மெல்லிய ரப்பர் குழாய்). மத்தியப் பிரதேசத்தில் 1972இல் தொடங்கிய ஹோஷங்காபாத் அறிவியல் கற்பித்தல் திட்டத்தில் 1978இல் சேர்ந்த, பொம்மைகள் வழியே அறிவியல் சொல்லித்தரும் அர்விந்த் குப்தா பரவலாக்கிய முறை இது. சைக்கிள் கடையில் 4 மீட்டர் டியூப் வாங்கி 1.5 செ.மீ. துண்டுகளாக வெட்டினால் குழுவுக்கு 20 துண்டு வீதம் 12 குழுவுக்கும் போதும். மரக்குச்சிதான் வேண்டும், மெழுகுக் குச்சி வளையும். மருந்தை முன்கூட்டியே நீங்களே சுரண்டி எடுத்துவிடுங்கள். ஈர்க்குச்சி ஒரு முனை தடித்தும் மறுமுனை மெலிந்தும் இருப்பதால் கழன்றுகொண்டே இருக்கும். டியூபின் இரு முனையிலும் குச்சியைச் செருகினால் இரண்டு குச்சி இணைப்பு. டியூபின் நடுவே கருவேல முள்ளால் துளைத்து, முனை சீவிய குச்சியைச் செருகினால் மூன்று குச்சி இணைப்பு.

முக்கோணம் அசையாது, சதுரம் சாய்ந்துவிடும். "சதுரத்தைச் சாயாமல் நிறுத்து" என்பதே கேள்வி. மூலைவிட்டம் போட வேண்டும் என்று யாராவது கண்டுபிடித்துவிடுவார்கள், ஆனால் குச்சி எட்டாது! 4 செ.மீ. பக்கமுள்ள சதுரத்தின் மூலைவிட்டம் 5.6 செ.மீ.க்குச் சற்று மேல். இந்த இடம்தான் இத்திட்டத்தின் தங்கம். சிலர் இரண்டு குச்சியை அளவுக்கு நறுக்கி டியூபால் இணைத்துப் போடுவார்கள். ஒரு பக்கம் தள்ளினால் அது இழுபட்டு நிற்கும், மறுபக்கம் தள்ளினால் டியூப் இருக்கும் இடத்தில் மடிந்துவிடும். சிலர் பக்கங்களை நறுக்கிச் சதுரத்தைச் சிறிதாக்குவார்கள். இன்னும் சிலர் சதுரத்தையே விட்டுவிட்டு முக்கோணங்களைச் சேர்ப்பார்கள். மூன்றுமே சரிதான். முடித்துவிட்டு உட்கார்ந்திருக்கும் குழுவுக்கு ஐங்கோணம் கொடுங்கள், இரண்டு மூலைவிட்டம் வேண்டும்.

பலூன் கார் எல்லோருக்கும் பிடித்தது, வகுப்பில் அதிகம் சொதப்புவதும் அதுதான். ஓடாவிட்டால் பிள்ளைகள் பலூனை இன்னும் பெரிதாக ஊதுவார்கள், கோளாறோ பெரும்பாலும் சக்கரத்தில் இருக்கும். பலூனைக் கழற்றிவிட்டு, சாய்த்து வைத்த அட்டையில் காரை உருட்டிப் பார்க்கச் சொல்லுங்கள். உருளாவிட்டால் பலூனைப் பற்றிப் பேச்சே இல்லை. அச்சுக்குச்சி சக்கரத்தோடு இறுக்கமாகவும் ஸ்ட்ராவுக்குள் தளர்வாகவும் இருக்க வேண்டும். இரண்டையும் சேர்த்து ஒட்டிவிடுவதுதான் வழக்கமான தவறு. 2022 ஜூலை முதல் பிளாஸ்டிக் ஸ்ட்ரா தடையில் இருப்பதால் காகித ஸ்ட்ராதான், அதில் ஃபெவிகாலை அப்பினால் ஊறி நெளிந்துவிடும். பழைய பால்பாயிண்ட் பேனாவின் வெளிக்குழல் இதைவிட நல்லது.

மின்சுற்று செய்தால் பட்டன் செல் வேண்டவே வேண்டாம். விழுங்கிவிட்டால் இரண்டு மணி நேரத்துக்குள்ளேயே உணவுக்குழாயை அரித்துவிடக்கூடியது. இரண்டு பென்சில் செல், 100 ஓம் மின்தடை ஒன்று, எல்இடி. மின்தடையை விட்டால் சிவப்பு எல்இடி கருகிவிடலாம். சிவப்பையும் வெள்ளையையும் பக்க இணைப்பில் போடச் சொல்லுங்கள், சிவப்பு மட்டும் எரியும். அதற்கு 2 வோல்ட் அளவே போதும், வெள்ளைக்கு 3 வோல்ட் அளவு வேண்டும். வெள்ளை பழுது என்றுதான் பிள்ளைகள் முதலில் சொல்வார்கள். தனியாகப் போட்டுப் பார்க்க யாருக்குத் தோன்றுகிறது என்று கவனியுங்கள்.

ஸ்டீமில் உள்ள கலையைக் கடைசியில் ஜிகினா ஒட்டுவது என்று பலர் வைத்திருக்கிறார்கள். காருக்கு அது வெறும் பாரம். கலையே பிரச்சினையாக இருக்க வேண்டுமானால் நான்கு ஒரே மாதிரிக் கண்ணாடி பாட்டில்களில் தண்ணீர் ஊற்றி ச ரி க ம வரவழையுங்கள். ஸ்பூனால் தட்டும்போது தண்ணீர் கூடக்கூட சுருதி இறங்கும். அதே பாட்டிலின் வாயில் ஊதினால் தண்ணீர் கூடக்கூட சுருதி ஏறும். தட்டும்போது அதிர்வது கண்ணாடியும் தண்ணீரும், ஊதும்போது அதிர்வது மேலே உள்ள காற்று. சரியா தவறா என்று காது சொல்லிவிடும், திருத்த ஒரு ஸ்பூன் தண்ணீர் போதும். பாட்டுப் பாடும் பிள்ளை அன்றைக்குக் குழுவின் தலைவர் ஆகிவிடும்.

மதிப்பெண் பற்றி ஒரு வார்த்தை. அதிக எடை தாங்கிய பாலத்துக்குப் பரிசு என்றால் யாரும் புதிதாக எதையும் முயல மாட்டார்கள். முதலுக்கும் மூன்றாவதுக்கும் உள்ள முன்னேற்றத்துக்குப் பரிசு என்றால் முதல் பாலத்தை வேண்டுமென்றே மோசமாகச் செய்வார்கள். வாஷர் வைக்கும் முன் எத்தனை தாங்கும் என்று எழுத வைத்து, மூன்றாவது முயற்சியில் கணிப்புக்கு மிக அருகில் வந்த குழுவுக்குக் கைதட்டச் சொல்லுங்கள். பலவீனமான பாலம் கட்டிய குழுவும் இதில் ஜெயிக்க முடியும், ஆனால் தன் பாலத்தை நன்றாகப் பார்த்திருந்தால்தான் முடியும்.