.45 ஜி.ஏ.பி. கைத்துப்பாக்கி மலிவாகக் கிடைக்கிறது, வாங்கலாமா? பெரிய காலிபர் (குண்டின் விட்டம்) தோட்டாக்களில் சில மட்டும் ஏன் சந்தையில் நிலைக்கின்றன?

நீங்கள் பார்த்துவைத்திருப்பது போலீஸ் துறை கழித்துவிட்ட கிளாக் 37, அதாவது .45 ஜி.ஏ.பி. தோட்டாவுக்கென்று கிளாக் நிறுவனம் செய்த பிஸ்டல் என்று ஊகிக்கிறேன். அதிகம் சுடப்படாமல், 9 மி.மீ. மாடலைவிட மலிவாகக் கண்ணாடிப் பெட்டிக்குள் கிடக்கும். விலையைப் பற்றிக் கடைக்காரர் உற்சாகமாகப் பேசுவார். தோட்டா எங்கே கிடைக்கும் என்று கேட்டால் மட்டும் பேச்சு குறைந்துவிடும்.

(துப்பாக்கி என்ற சொல்லைக் கண்டதும் கருத்துப் பெட்டியில் பாய்பவர்களுக்கு: நான் இருப்பது டெக்ஸாஸின் சான் அன்டோனியோவில். சட்டப்படி வாங்கியது, சுடுவது காகித இலக்கை. அறநெறி வகுப்பை வேறு பதிலின் கீழ் நடத்துங்கள்.)

இந்தக் கேள்வி என்னைச் சுருக்கென்று தைத்ததற்குக் காரணம் இருக்கிறது. நானும் சந்தையில் எடுபடாத ஒரு தோட்டாவின் பக்தன்தான். என்னிடம் இருப்பது ஸ்மித் அண்ட் வெஸ்ஸன் மாடல் 57, .41 மேக்னம் ரிவால்வர். "ஏன் .44 வாங்கவில்லை?" என்று சுடுதளத்தில் யாராவது கேட்காத நாள் அபூர்வம். ஒருமுறை பெரிய விளையாட்டுப் பொருள் கடை ஒன்றில் .41 கேட்டேன். பணியில் இருந்த பையன் உள்ளே போய் நெடுநேரம் தேடிவிட்டு, .410 ஷாட்கன் தோட்டாப் பெட்டியைக் கொண்டுவந்து நீட்டினான். இது வேறு என்றேன். ஒரு பூஜ்யம்தானே கூடுதல் என்பதுபோலப் பார்த்தான். அவன் மேல் கோபமில்லை. அந்த அலமாரியில் .41 இருந்து அவன் பார்த்திருக்கவே மாட்டான்.

1964இல் .41 மேக்னம் வந்தபோது முக்கியமாகக் குறிவைத்தது போலீசை. .357 போதாது, .44 தாங்காது என்றவர்களுக்கு நடுவில் ஒன்று வேண்டும் என்று துப்பாக்கி எழுத்தாளர் எல்மர் கீத் போன்றவர்கள் வற்புறுத்தினார்கள். மிதமான ஈயக் குண்டு ஒரு வகை, வேட்டைக்கான முழு வேகத் தோட்டா இன்னொரு வகை. யோசனையில் பழுதில்லை. ஆனால் போலீசுக்கென்று செய்த மாடல் 58, .44க்கு உரிய அதே பெரிய, கனமான சட்டகத்தில் வந்தது. அதை வாங்கிய மிகச் சில துறைகளில் எங்கள் ஊர் போலீசும் ஒன்று. சுடுதளத்துக்கு வரும், எண்பதை நெருங்கும் ஓய்வுபெற்ற காவலர் ஒருவர் என் ரிவால்வரைக் கண்டாலே இடுப்பைத் தடவிக்கொள்வார். .44 மேக்னமோ போலீசை நம்பிப் பிறக்கவில்லை. வேட்டைக்காரர்கள் அதை ஏற்கெனவே வைத்திருந்தார்கள். 1971இல் 'டர்ட்டி ஹாரி' படம் வந்ததும், அதில் வரும் .44 ரிவால்வரான மாடல் 29 கேட்டவர்களுக்கெல்லாம் கிடைக்காத நிலை. அதற்குப் பிறகு .41 எங்கே எழுந்து நிற்பது?

என் கணக்கு இதுதான். போலீஸ் என்பது இந்தத் தோட்டாக்களுக்குப் புகுந்த வீடு. அது கைவிடும் நாளில் திரும்பிப் போக ஒரு பிறந்த வீடு வேண்டும்.

10 மி.மீ. ஆட்டோவைப் பாருங்கள். 1983இல் பிரென் டென் பிஸ்டலோடு வந்தது. பல பிஸ்டல்கள் மேகசின் (தோட்டாக்களை அடுக்கும் பெட்டி) இல்லாமலே வாடிக்கையாளர் கைக்குப் போயின. 1986இல் அதைச் செய்த நிறுவனம் திவால். மறு ஆண்டு கோல்ட் நிறுவனம் அதே தோட்டாவுக்கு டெல்டா எலீட் பிஸ்டலைக் கொண்டுவந்திருக்காவிட்டால் கதை அங்கேயே முடிந்திருக்கும். 1986 ஏப்ரலில் மயாமி துப்பாக்கிச் சண்டையில் இரண்டு எஃப்.பி.ஐ. அதிகாரிகள் இறந்ததை அடுத்து, அந்த அமைப்பு 10 மி.மீ.க்கு மாறியது. ஆனால் வேகத்தைக் குறைத்துத்தான் பயன்படுத்தியது. வேகம் குறைந்தால், மருந்து அடைக்கும் உலோகக் கூடு அவ்வளவு நீளம் எதற்கு? கூட்டைச் சுமார் மூன்றரை மில்லிமீட்டர் குறைத்து, 9 மி.மீ. அளவுச் சட்டகத்தில் அடங்கும்படி 1990இல் .40 எஸ் அண்ட் டபிள்யூ வந்தது. போலீஸ் துறைகள் ரிவால்வரை விட்டு பிஸ்டலுக்கு மாறிக்கொண்டிருந்த நேரம். வாரிக்கொண்டு போனார்கள். கைவிடப்பட்ட 10 மி.மீ.யைக் காட்டுப்பன்றி வேட்டைக்காரர்களும், கரடிக்காட்டில் நடப்பவர்களும் எடுத்துக்கொண்டார்கள். இன்று அதற்குப் புதுப்புது மாடல்கள் வருகின்றன.

2003இல் கிளாக் இதே வித்தையை .45 ஏ.சி.பி. என்ற பழைய தோட்டாவிடம் காட்டியது; அப்படிப் பிறந்ததுதான் .45 ஜி.ஏ.பி. குறைத்ததும் ஏறத்தாழ அதே மூன்றரை மில்லிமீட்டர்தான்! நியூயார்க், பென்சில்வேனியா மாநில போலீஸ்கூட வாங்கினார்கள், பிறகு விட்டுவிட்டார்கள். இந்த முறை எல்லாரிடமும் ஏற்கெனவே நல்ல பிஸ்டல் இருந்தது. பத்துத் தோட்டாவுக்கு மேல் கொள்ளும் புது மேகசின்களைப் பொதுமக்களுக்கு விற்கத் தடை போட்ட 1994ஆம் ஆண்டுச் சட்டமும் 2004 செப்டம்பரில் காலாவதியானது. பத்துதான் என்றால் பெரிய குண்டாக இருக்கட்டும் என்று நினைத்தவர்கள் 9 மி.மீ.யின் பதினேழுக்குத் திரும்பினார்கள். .45 ஜி.ஏ.பி. செய்வதையெல்லாம் நூறாண்டுக்கும் மேலாக .45 ஏ.சி.பி. செய்துவருகிறது, அதுவும் மலிவாக. வேட்டைக்கு இது தனியாக எதையும் தருவதில்லை. போக இடமில்லை.

பாலிஸ்டிக்ஸ் (குண்டின் வேகம், சக்தி) அட்டவணையோடு வருபவர்களே, எனக்கும் அந்த அட்டவணை தெரியும். கடை அலமாரிக்கு அது தெரியாது.

இணையத்தில் வாங்கலாமே என்பீர்கள். நான் .41 வாங்குவது அப்படித்தான். பெட்டியைத் தரக் கையெழுத்து வேண்டும் என்பது விற்பவரின் நிபந்தனை. நான் முன்னறையில் உட்கார்ந்து வேலை செய்துகொண்டிருப்பேன். அழைப்பு மணியைக்கூட அழுத்தாமல் "வீட்டில் ஆள் இல்லை" என்று கதவில் சீட்டு ஒட்டிவிட்டுப் போய்விடுவார்கள். அதே பார்சல்காரர்கள், ஊரிலிருந்து அம்மா அனுப்பிய வடகப் பெட்டியைக் கொட்டுகிற மழையில் வாசலில் வைத்துவிட்டுப் போனார்கள். அதற்குக் கையெழுத்து தேவைப்படவில்லை. புகார் செய்ததற்கு, "உங்கள் அனுபவத்தை மதிப்பிடுங்கள்" என்று ஐந்து நட்சத்திரங்களோடு ஒரு மின்னஞ்சல் வந்தது. வடகம் கூழாகிவிட்டது, நட்சத்திரம் யாருக்கு வேண்டும்?

சரி, உங்கள் விஷயம். தோட்டாவை வீட்டிலேயே நிரப்பும் கருவியும் பொறுமையும் இருந்தால் அந்த கிளாக் 37ஐ வாங்குங்கள். சுட்ட கூடு ஒவ்வொன்றையும் பொறுக்கிவர வேண்டும். அந்தப் பழக்கம் இல்லையென்றால் அதே கடையில் போலீஸ் கழித்த .40 பிஸ்டலும் நிச்சயம் இருக்கும், விலையும் அதிகமிருக்காது. எதை எடுத்தாலும் கூடவே எத்தனை மேகசின் தருகிறார்கள் என்று பணம் கொடுக்கும் முன் கேட்டுவிடுங்கள்.