இருட்டுப் பெட்டியில் ஒரு குட்டி

ஐயா,

நாங்கள் ஆஸ்திரேலியாவின் நியூ சவுத் வேல்ஸில் டப்போ ஊருக்குப் பக்கத்தில் இருக்கிறோம். போன மாதம் வீட்டருகே சாலையில், முள்ளம்பன்றி மாதிரி முள் உள்ள ஒரு எக்கிட்னா கார் மோதிச் செத்துக் கிடந்தது. பக்கத்துப் புல்லில் உள்ளங்கை அளவில் அதன் குட்டி. முள் அப்போதுதான் எட்டிப் பார்த்திருந்தது. துண்டில் சுற்றி ஹீட்டர் பக்கத்தில் வைத்துவிட்டு வனவிலங்கு மீட்பு எண்ணுக்கு அழைத்தோம். வந்த பெண் முதல் வேலையாக ஹீட்டரை அணைத்தார். குட்டி இப்போது அவரிடம்தான் இருக்கிறது. மூன்று நாளுக்கு ஒரு முறைதான் பால் கொடுக்கிறாராம். மற்ற நேரமெல்லாம் இருட்டுப் பெட்டி. பார்க்க வரலாமா என்று கேட்டால் வேண்டாம் என்கிறார். "அம்மா இல்லாத பாப்பாவை யாருமே தூக்க மாட்டாங்களா?" என்று என் ஒன்பது வயது மகள் அழுகிறாள். எனக்கும் மனசு கேட்கவில்லை. இது சரிதானா?

தி.

அன்புள்ள தி.,

சரிதான். அந்தப் பெண் நன்றாகத் தெரிந்துதான் செய்கிறார்.

எக்கிட்னா முட்டையிட்டுப் பால் கொடுக்கும் விலங்கு. வயிற்றுப் பைக்குள் ஒரே ஒரு முட்டை. பத்து நாளில் பொரியும் குஞ்சு ஒரு கிராம்கூட இருக்காது. ஏழெட்டு வாரத்தில் முள் முளைத்துக் குத்த ஆரம்பித்ததும், தாய் அதை வளைக்குள் விட்டு, வளையின் வாயை மண்ணால் மூடிவிட்டு இரை தேடப் போய்விடும். ஐந்து நாள் கழித்து வரும், சில நேரம் பத்து நாள்கூட ஆகும். வந்து பால் கொடுத்து, மறுபடி மூடிவிட்டுப் போகும். அதுவரை குட்டி இருட்டில், குளிர்ந்த மண்ணில் தூங்கும். உங்கள் மகளுக்கு வெறும் பெட்டியாகத் தெரிவது குட்டிக்கு அந்த வளை.

பல வருடங்களுக்கு முன் அந்தப் பக்கம் தங்கியிருந்தபோது, உரிமம் பெற்ற ஒரு பராமரிப்பாளர் வீட்டில் ஒரு குட்டிக்குப் பால் கொடுப்பதைப் பார்த்திருக்கிறேன். ஆஸ்திரேலியாவில் குட்டியை 'பக்கிள்' என்பார்கள். தாய்க்குக் காம்பு கிடையாது, தோலில் இரண்டு திட்டுகளிலிருந்து பால் கசியும். அதனால் பாட்டில் எடுபடாது. அவர் கையைக் கழுவி, குழித்த உள்ளங்கையில் பாலை ஊற்றிக்கொண்டார். மாட்டுப்பால் இதற்கு ஆகாது, இதற்கென்றே தயாரித்த பால்மாவு இருக்கிறது. குட்டி மூக்கால் விரலிடுக்கையெல்லாம் முட்டித் தேடி, பால் இருக்கும் இடத்தைக் கண்டதும் 'சர் சர்' என்று உறிஞ்ச ஆரம்பித்தது. அரைமணி நேரம் அவர் கையை அசைக்கவில்லை, ஒரு வார்த்தை பேசவில்லை. குடிப்பதற்கு முன் தராசில் 240 கிராம், குடித்தபின் 280. வயிறு உருண்டு, தோல் பளபளவென்று இளஞ்சிவப்பாக இருந்தது. முடி முளைக்காத தோல் வெடிக்காமலிருக்க சோர்போலீன் களிம்பைத் தடவி, பெட்டியில் வைத்து மூடிவிட்டார். அப்புறம் மூன்று நாள் திறக்கவில்லை. அந்தப் பாலைச் செரிக்க அதற்கு அவ்வளவு நேரம் வேண்டும். பாவம் என்று நடுவில் ஊட்டினால் வயிறு கெடும். நான் பார்த்ததிலேயே மிகப் பெரிய பரிவு அந்த மூடிய பெட்டிதான்.

ஹீட்டருக்காக உங்களை நொந்துகொள்ளாதீர்கள், யாராக இருந்தாலும் அதைத்தான் செய்திருப்போம். ஆனால் எக்கிட்னாவின் உடம்புச் சூடே 31-லிருந்து 33 டிகிரிதான். அதற்கு வியர்க்காது. நமக்கு இதமாக இருக்கும் ஹீட்டர் சூட்டில் குட்டி செத்துப்போகக்கூடும். அடுத்த முறை அட்டைப்பெட்டியில் வைத்து, வீட்டிலேயே குளிர்ச்சியான மூலையில் விட்டுவிடுங்கள்.

தூக்கிக் கொஞ்சுவது பற்றி. ஆட்டுக்குட்டியையும் கோழிக்குஞ்சையும் மடியில் வைத்து வளர்த்தவர்கள் நாம், நமக்கு இது கஷ்டம்தான். ஆனால் மனித வாடையும் நாய்ச் சத்தமும் பழகிப்போன எக்கிட்னா நாயைப் பார்த்தால் பயப்படாது. ஆபத்து என்றால் நின்ற இடத்திலேயே நேராக மண்ணுக்குள் இறங்கிவிடுவது அதன் வழக்கம். அந்தப் பயம் அதற்கு மிச்சமிருக்க வேண்டும். தாயே ஏழு மாதம் வாக்கில் கடைசியாக ஒரு முறை பால் கொடுத்துவிட்டுப் போய்விடும். அப்புறம் திரும்பி வராது. அந்த வயதுக்குள் உங்கள் குட்டியும் மக்கிய கட்டையைக் கிளறிக் கறையான் தின்னப் பழக வேண்டும். பெட்டி போய் மண் நிறைந்த அடைப்பு வரும், அதில் கறையான் புற்றுத் துண்டுகளைப் போடுவார்கள். அது தானாகத் தோண்டித் தின்று எடை கூடினால்தான் வெளியே விடுவார்கள்.

உங்கள் மகள் செய்ய வேண்டிய வேலை ஒன்று இருக்கிறது. முடிந்தவரை குட்டியை எடுத்த இடத்துக்குப் பக்கத்திலேயே விடுவதுதான் வழக்கம். ஞாயிற்றுக்கிழமை அவளைக் கூட்டிக்கொண்டு போய்ப் பாருங்கள். தாய் கிடந்த இடம், குட்டி கிடந்த புல், சாலையிலிருந்து எத்தனை அடி, கறையான் புற்று எங்கே, விழுந்த மரம் எங்கே, எந்த வீட்டில் நாயை அவிழ்த்து விட்டிருக்கிறார்கள். எல்லாவற்றையும் ஒரு தாளில் வரையச் சொல்லுங்கள். அதை அந்தப் பெண்ணிடம் கொடுங்கள். விடும் நாள் வரும்போது அவருக்கு அது தேவைப்படும்.